நாற்பத்து மூன்று கிலோ

பாசிக்குடா ஹோட்டலை மூடியபோது
நாலு மாதச் சம்பள நிலுவைக்கு
புல்லு வெட்டும் மெசினைக் கொண்டுபோகச் சொன்னார்கள்.
ஏறி இருந்து ஓட்டுகிற மெசின்.
மூன்று வருசம் அதன் பின்னால் நடந்து
புல்லுக் கூட்டியவள் நான்.
ஒருநாளும் ஏறியதில்லை.

லேண்ட்மாஸ்டர் பெட்டியில் குலுங்கிக் குலுங்கி
வாழைச்சேனைக்கு வந்தது,
உப்பு தின்ற தகடும்
எலி தின்ற வயருமாக.
சிவகடாட்சம் சுற்றிவந்து பார்த்தான்.
"எஞ்சின் கிடக்குது.
மற்றதெல்லாம் காசு."

அலகு சுத்துற இடத்துப் பேரிங்
அரைத்த மிளகாய் போலச் சத்தம் போட்டது.
கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, துணியில் முடிந்து
பாலம் தாண்டி ஓட்டமாவடிக்குப் போனேன்.
மெசினின் பேரைச் சொல்ல
முபீத் நானாவுக்கு விளங்கவில்லை.
"பேர் எதுக்கு, விளிம்பில நம்பர் ஈக்கும்."
அறுபத்திரண்டு, பூச்சியம், மூன்று.
தண்ணிப் பம்புக்கும் அதுதானாம்,
உடுப்புத் துவைக்கிற மெசினுக்கும் அதுதானாம்.
மேசையில் மூன்று பெட்டி வைத்தார்.
ஜப்பான் பெட்டியில் ஓர் எழுத்துப் பிழை.
ஊரே எழுதாத பெட்டி இருநூற்றி எண்பது ரூபா.
நடுவில் இருந்த இந்தியனைக்
காதோடு வைத்துச் சுழற்றினேன்.
ஒன்றும் கேட்கவில்லை.
அதைக் கட்டச் சொன்னேன், இரண்டு சோடி.

அரிசி ஆலை பெல்ட் அளவாய்த்தான் இருந்தது.
பூட்டி இழுத்தால் பத்து நிமிசத்தில்
ரப்பர் கருகும் மணம்.
அலகுக்கு லொறி வில்லுத் தகடு இருக்கிறது,
பட்டறையில் அடித்துத் தருவார்கள், மலிவு.
சிவகடாட்சம் தலையாட்டினான்.
"கல்லில பட்டா வளையிறதுதான் அலகு.
வில்லுத் தகடு உடையும்.
உடைஞ்சா எங்க போகுமெண்டு ஆருக்குத் தெரியும்?"
எல்லைக்கோட்டில் பந்து பொறுக்கும் பொடியன்கள்
கண்ணுக்குள் ஓடினார்கள்.
கழிவு கொடுத்துச் சீட்டை முந்தி எடுத்தேன்.
அலகும் பெல்ட்டும் கொழும்பிலிருந்து வரப்
பதினொரு நாள்.

"சுத்துறதுக்கு ஒறிஜினல் போடு.
இருக்கிறதுக்கு என்னத்தையும் போடலாம்" என்றான்.
இருக்கப்போவது நான்தானே.
அடிபட்ட ஆட்டோ ஒன்றின் முன் சீட்,
சிவப்பு றெக்சின், ஓரத்தில் கிளிப்பிள்ளைப் படம்,
ஆயிரத்து இருநூறு.
பழைய சீட்டின் அடியில் இருந்த சுவிச்சை மட்டும்
கழற்றி இதில் பூட்டினான்.
ஓட்டுகிற ஆள் எழும்பினால் எஞ்சினை நிறுத்துகிற சுவிச்.

ஏறி இருந்தேன். சாவியைத் திருப்பினேன்.
மெசின் நம்பவில்லை.
இன்னொருக்கால் திருப்பினேன்.
இல்லை.
சிவகடாட்சம் ஏறினான், பிடித்துக்கொண்டது.
இறங்கினான், நின்றது.
நான் ஏறினேன்.
"அந்த நாட்டுக்காரன்ர பாரத்துக்கு வச்ச வில்லு.
நீ எத்தினை கிலோ?"
சொன்னேன்.
சிரிப்பை மீசைக்குள் வைத்துக்கொண்டு
"வயர் ரெண்டையும் முறுக்கி விடவா?
எல்லாரும் அப்பிடித்தான் ஓடுறாங்கள்."

வேண்டாம் என்றேன்.
நான் விழுந்தால் அது நிற்க வேண்டும்.

பிறகு அன்று பின்னேரம் முழுக்க வில்லுத் தேடினோம்.
சைக்கிள் சீட்டு வில்லு என்னைத் தூக்கி எறிந்தது.
டோர்ச் லைட் வில்லு
பட்டறைப் பூனையையும் ஆள் என்று சொல்லிற்று.
பிறேக் மிதியின் பழைய வில்லொன்று
எண்ணெய்த் தகரத்தின் அடியில் கிடந்தது.
இரண்டு வளையம் வெட்டிப் பூட்டினான்.

ஏறி இருந்தேன்.

கொப்பியில் எல்லாவற்றுக்கும் கீழே எழுதினேன்:
வில்லு ஒன்று, பழசு, அறுபது ரூபா.
அவன் வாங்க மாட்டேன் என்றான், நான் எழுதினது எழுதினதுதான்.

கல்குடா மைதானத்தில் முதல் வேலை.
மாடு மிதித்த பள்ளங்களில் ஏறி விழுந்தும்
எஞ்சின் ஒருதரமும் அடங்கவில்லை.
திரும்பிப் பார்த்தால் நீளத்துக்கு வெட்டின புல்லு.
பின்னால் கூட்டிவர
ஆள் இன்னும் கிடைக்கவில்லை.
விளக்குமாறை எடுக்க எழும்பினேன்.
உடனே தெரிந்துகொண்டது மெசின்.