ஏழாம் நம்பர் முள்

ஊளி மூன்று நாளாய்க் கஞ்சி தொடவில்லை.
கச்சான் அடிக்கிற மாதம்,
வள்ளம் மூக்கையூர் மணலில் கவிழ்ந்து கிடக்கிறது.

சாயல்குடியில் ஒருவர்
பைக்கை விட்டு இறங்காமலே ஊசி போட்டார்: நானூறு.
ராமநாதபுரத்தில் கண்ணாடிக் கதவு.
ஸ்கேன், ரத்தம், இரண்டு நாள் படுக்கை.
"இன்சூரன்ஸ் இருக்கா?" என்றாள் பில் போடுகிறவள்.

வள்ளத்துக்கு இருக்கிறது.
எஞ்சினுக்கு இருக்கிறது.
எனக்கும் இருக்கிறது, செத்தால்.

மச்சான் அருள்தாசன் சொல்லி
பெருங்குளத்துக்குப் பஸ்ஸில், சாக்கில் சுற்றி.
டாக்டர் நூர்ஜமீலா தரையில் உட்கார்ந்தார்.
வாயைத் திறக்குமுன் அதன் பெயரைக் கேட்டார்.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
வெகுநேரம் பார்த்தார்.
"அறுக்கணும். மூவாயிரத்து இருநூறு.
பிழைக்கும்னு நான் சொல்லமாட்டேன்."

அந்த ஒரு வார்த்தையை நம்பி
கையிலிருந்த ஆயிரத்து நூறைக் கொடுத்தேன்.
மீதியை நோட்டில் எழுதிக்கொண்டார்,
காற்று இறங்கினதும் என்று.

சாயங்காலம் பஞ்சில் வைத்துத் தந்தார்
ஏழாம் நம்பர் முள்.
நரம்பில் இன்னும் அந்த முடிச்சு:
இடமிருந்து இரண்டு சுற்று, பல்லால் இறுக்கியது.
எங்கள் கரையில் அப்படிக் கட்டுகிறவன்
நான் ஒருவன்தான்.

உள்ளே ஊளி
கண் திறக்காமலே வாலை ஒருமுறை அசைத்தது.
யாருக்கென்று தெரியவில்லை.