ஏழாம் காம்பரா

நானுஓயா ஸ்டேஷனில் இறங்கியவர்களுக்கு
நடக்க வரவில்லை.
அறுபத்தொரு வருசம் பாரமில்லாத இடத்தில் கிடந்த குடும்பங்கள்.
முழங்காலுக்கு இரும்புப் பட்டை கட்டி
பிளாட்பாரத்து ஈரத்தில்
ஒவ்வொரு அடியாகக் கேட்டுக் கேட்டு வைத்தார்கள்.
பேண்டு வாத்தியம் பாதியில் நின்றுவிட்டது.

நான் மூன்றாம் கவுண்டர்.
ஒன்றிணைப்புப் படிவம். மூன்று மொழி, இரண்டு கட்டம்:
மேல், கீழ்.
ஏதாவது ஒன்றில் புள்ளடி.

பெயர்?
பவளக்கொடி.
பிறந்த இடம்?
மேக்கணக்கு.
எந்தத் தோட்டத்து மேக்கணக்கு என்று
பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.
பெருவிரலால் கூரைக்கு மேலே காட்டினாள்.
ஆகாயத்தில் சுழலும் அந்தத் தோட்டத்துக்கு
நம் ஆட்களே வைத்த பேர்.
எங்கே கொண்டுபோய்க் கொட்டினாலும்
ஒரு மேக்கணக்கு, ஒரு கீழ்க்கணக்கு,
விடிந்தால் ஒரு பிரட்டுக்களம்.

இரண்டு அரசாங்கம், ஒரு மேசை, ஒரு பேனை.
அப்படித்தான் பிரித்தார்கள்.
காம்பரா நம்பர் ஒற்றை என்றால் மேலே,
இரட்டை என்றால் இங்கே.
ஏழில் இருந்தவர்கள் போனார்கள்.
எட்டில் இருந்தவர்கள் நாங்கள்.
அதே கிழமை அப்பா இடைச்சுவரை உடைத்தார்.
இந்த மலையில் நடந்த முதல் ஒன்றிணைப்பு அதுதான்.
நான் பிறந்தது ஏழில்.

அவள் பெட்டியை மெஷினில் வைத்த மதுஷங்க
"அக்கா, இது பெட்டி இல்ல, கூரை" என்றான்.
போவதற்கு முதல் நாள் ராத்திரி
அவளுடைய அப்பா ஒரு கை நீளத்துக்குத் தகரம் வெட்டி
மடித்து அடித்த பெட்டி.
எனக்கு அந்த ஓட்டையைத் தெரியும்.
அதன் கீழே சட்டி வைத்து வளர்ந்தவள் நான்.
தார், பொலித்தீன், தேர்தல் பேனர்,
ஒன்றும் ஒரு மாரிக்கு மேல் தாங்கியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தாள்.
காம்பரா கேட்டு வரவில்லை,
தகரத்தைக் கொடுக்கத்தான் வந்தேன் என்றாள்.
நான் நம்பவில்லை.
வீட்டுப் பத்திரத்தை ஏற்கனவே
சேலைகளுக்கு அடியில் தள்ளியிருந்தேன்.

என் வீட்டுக்காரர் ஏணி போட்டார்.
மடிப்பைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தி வைத்தார்.
மேலே மழை இல்லை. அவள் தகரம் மினுங்கியது.
எங்கள் விளிம்பைத் துரு தின்றிருந்தது.
சுற்றிலும் நாலு விரல் இடைவெளி.

"அப்பா சின்னதா வெட்டிட்டாரா?"
"இல்ல, எங்க ஓட்டை வளந்துருச்சு."

அப்போதுதான் பெய்தது.
முதல் துளி பிடரியில் விழுந்ததும்
"ஓட்டை! ஓட்டை!" என்று அலறித்
தரையில் குப்புற விழுந்து
வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டாள்.
மேலே கூரையில் ஓட்டை என்றால்
காற்று போய்விடும்.
குழந்தையில் பழக்கிய பயிற்சி,
உடம்பு மறக்கவில்லை.

பக்கத்தில் படுத்தேன். வேறு வழி தெரியவில்லை.
மூச்சு விடு பிள்ளை, மூச்சு விடு,
இங்க ஓட்டையால மழை மட்டுந்தான் வரும்.

வெகுநேரம் கழித்துக் கையை எடுத்தாள்.
இடைச்சுவர் இருந்த சிமெந்துத் தழும்பு
எங்கள் நடுவில் மேடாக ஓடியது.
அந்த நேரத்திலும் பார்த்தேன், கவுண்டர் புத்தி.
நான் ஏழில் கிடந்தேன்.
அவள் எட்டில்.

"இது எப்ப நிக்கும்?" என்றாள்.
"தை பிறக்கணும்."