ஈர எடை

புயலுக்கு மூன்றாம் நாள்
கெல்லீஸ் பக்கத்துத் தெரு ஒன்றின் நிழலை
மொத்தமாக லாரியில் ஏற்றிவந்து
வியாசர்பாடியில் என் விறகுத் தொட்டியில் கவிழ்த்தார்கள்.
காண்டிராக்டருக்குக் கொடுத்தது போக
கையில் நூற்று எழுபது ரூபாய்.

கோதண்டம் காலால் உருட்டிப் பார்த்தார்.
"சவுக்குன்னா சொன்ன எடத்துல பொளக்கும்.
இதெல்லாம் பங்களா மரம், சகாயம்.
பேச்சு கேக்காது."
புளியில் போட்ட கோடாலி
தோளுக்கே திரும்பி வந்தது.
தூங்குமூஞ்சி, நார்மேல் நார் பின்னி,
ஆப்பை விழுங்கிவிட்டு வாயை மூடிக்கொண்டது;
அதை எடுக்க இன்னொரு ஆப்பு,
அந்த ஆப்பை எடுக்க டீ.
மயில்கொன்றை ஈரத்தில் கல், காய்ந்தால் கடுதாசி.
வேம்பு அறுபட அறுபட
தொட்டி முழுக்க
அம்மை இறங்கிய வீட்டு வாசனை.

ஒரு கட்டையில் ரம்பத்துக்கு மூன்று பல் போனது.
உள்ளே தகரம். பட்டை வளர்ந்து மூடிய தகரம்.
'தட்டச்சு, சுருக்கெழுத்து, மகளிருக்குத் தனி'
அதற்கப்புறம் மரம் தின்றுவிட்டது.

விறகு எனக்கு எடைக்கணக்கு.
வெட்டிய அன்றே விற்றால் பாதி தண்ணீர்.
காயவைத்தால் என் காசுதான் ஆவியாகிறது.
தையில் வட்டிக்காரர் இரண்டு முறை வந்தார்,
இரண்டாம் முறை உட்கார்ந்தார்.
நிஜாமுதீன் மாஸ்டருக்குப்
பெரம்பூரில் கல்யாணம், மூன்று தேக்சா.
ஈரத் தூங்குமூஞ்சி முந்நூறு கிலோ ஏற்றினேன்,
மேலே மட்டும் நாலு வரிசை காய்ந்த சவுக்கு.

மறுநாள் அவர் சத்தம் போட வரவில்லை.
ஒரு பொட்டலத்தோடு வந்தார்.
"சாப்டு."
பிரித்தேன். அரிசி உடையாமல் நீளநீளமாக,
ஒவ்வொரு பருக்கையிலும் புகை.
அழுது முடித்த தொண்டையின் ருசி.
முழுக்கத் தின்னும்வரை நின்றார்.
முட்டை இருந்தது. அதையும் தின்றேன்.
"பொண்ணோட அப்பா எதுவுமே சொல்லல"
என்று மட்டும் சொல்லிவிட்டு
வண்டியை உதைத்தார்.

தண்ணி லாரிக்காரனாவது
தண்ணீர் என்று சொல்லித்தான் விற்கிறான்.

அன்று சாயங்காலமே அடுக்கைக் கலைத்தேன்.
தரைக்கும் கட்டைக்கும் நடுவே உடைந்த டைல்ஸ்.
கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே
எலி நுழையும், பூனை நுழையாத இடைவெளி.
தார்ப்பாய் தலைக்கு மட்டும்; இடுப்புக்குக் காற்று.
ஒவ்வோர் அடுக்கிலும் சாக்பீஸில் தேதி.
மாசியில் பூவரசுக் கட்டை ஒன்று தளிர்விட்டது.
கோதண்டம் ஒன்றும் பேசாமல்
அதைத் தனியே எடுத்துவைத்தார்.
தெரு ஆடு வந்து தின்றுவிட்டுப் போனது.

பங்குனி. சித்திரை. கத்திரி வெயில்.
கரண்ட் போன இரவுகளில்
தொட்டி தனக்குள் பேசிக்கொண்டது:
கட்டை முனைகளில் வெடிப்பு ஓடும் சத்தம்.
மனசு கேளாமல் ஒரே கட்டையை
வாராவாரம் தராசில் வைத்தேன்.
பதினொன்று. பத்தேகால். எட்டரை.
ஏழில் நின்றது. அதற்குக் கீழே
மரம் இறங்க மறுத்தது.
நாலு கிலோ, என்னுடைய நாலு கிலோ,
எதிர்வீட்டு மொட்டைமாடித் துணிகளோடு சேர்ந்து
எங்கேயோ போய்விட்டது.
வட்டிக்காரரிடம் அதைச் சொல்லிப் பார்த்தேன்.
சிரித்தார்.

வைகாசியில் மாஸ்டர் வந்தார், கூப்பிடாமல்.
தம்முக்கு மூடிமேல் கொட்ட
அவருக்குப் புளியின் கங்குதான் வேண்டும்.
இரண்டு கட்டையை எடுத்துக்
காதோரம் வைத்துத் தட்டினார்.
ஈரமென்றால் 'தொப்'.
இது, பாத்திரக் கடையில்
யாரோ தம்ளரைத் தவறவிட்டதுபோல.
இன்னொரு முறை தட்டினார்.
பிறகு குனிந்து, அடுக்கின் அடியில் கைவிட்டு
ஒன்றை உருவி அதையும் தட்டினார்.
அதற்கும் அடியில் ஒன்று.
அதற்கும் அடியில்.

நான் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
அது சுத்தமாகத்தான் இருந்தது.