கழித்த பிறகு

மாரண்டஅள்ளிக்கு மேற்கே, தக்காளி வயலோரம்
வேனை நிறுத்தினோம்.
பின்கதவைத் திறந்தால் இடுப்பளவு குழாய்;
உள்ளே காற்றுகூட இல்லை.
ரூபிடியம் அணுக்களை லேசரால் குளிரவைத்து
ஒரு கணம் பிடித்து
விட்டுவிடுவோம்.
விழும்.
அவ்வளவுதான் வேலை. இரவு முழுக்க
விழவிட்டு விழவிட்டுப் பார்ப்பது.

ஒவ்வொரு அணுவும் இரண்டு வழியாகவும் விழுந்து
அடியில் தன்னையே சந்திக்கும்.
அந்தச் சந்திப்பில் எவ்வளவு பிசகு என்பதுதான் கணக்கு.
மூலையில் ஒரு பெட்டிக்குள் அணுக்கடிகாரம்
நேரத்தை மயிரிழையாகப் பிளந்து தருகிறது,
முகமில்லாமல், முள்ளில்லாமல்.

திரையில் ஒன்பது, புள்ளி, ஏழு, எட்டு, ஒன்று.
அதை யாரும் பார்ப்பதில்லை.
எட்டாவது இடத்தில்தான் ஊர் ஆரம்பிக்கிறது:
பாறை, பாறையின் வெடிப்பு,
வெடிப்பில் மிச்சமிருக்கிற நீர்.

நிலாவைக் கழித்தேன்.
காற்றழுத்தத்தைக் கழித்தேன்.
பதினொன்றே முக்காலுக்குப் போன பெங்களூர் ரயிலை
சிவப்புக் கோட்டால் அடித்தேன்.
பக்கத்தில் வந்து குந்திய டிரைவர் ஜெயசீலனிடம்
"கொஞ்சம் அப்பால உட்காருங்கண்ணா, உங்க எடையும் கணக்குல வருது" என்றேன்.
வேப்பமரம்வரை நகர்ந்தார், பீடியோடு,
என்னமோ பெருமையாக.

இரண்டு பத்துக்கு மும்முனை கரண்ட் வந்தது.
கெம்பம்மாவின் மோட்டார் உறுமியது.
திரை முழுக்க எறும்பு மொய்த்தது.

டார்ச்சோடு வரப்பு தாண்டிப் போய்க் கேட்டேன்:
ஒரு மணி நேரம் நிறுத்த முடியுமா?
"எதுக்கு?"
அடியில தண்ணி எவ்வளவு இருக்குன்னு பார்க்கணும்.
மடையை வெட்டித் திருப்பிக்கொண்டே சொன்னாள்:
"எவ்வளவுன்னு சொல்லு. நிறுத்தறேன்."
நிறுத்தினாத்தான்மா சொல்ல முடியும்.
"சொன்னாத்தான் நிறுத்துவேன்.
ஆறு மணிக்குக் கரண்டு போயிடும், அப்ப வா."

ஐந்து நிமிடம் நின்றிருப்பேன்.
செருப்புக்குள் தண்ணீர் ஏறியது.
சில்லென்றிருந்தது, எங்கள் அணுக்களோடு ஒப்பிட்டால்
கொதிக்கிற உலை.

ஆறுக்கு மோட்டார் ஓய்ந்தது.
அணுக்கள் மறுபடி அமைதியாக விழுந்தன.
ஏழரைக்கு எண் வந்தது:
நள்ளிரவைவிட எட்டாம் இடத்தில் இரண்டு குறைவு.
பிழை வரம்பு மூன்று.

கூடையைத் தலையிலிருந்து இறக்கிவைத்துவிட்டு வந்தாள்.
"என்ன சொல்லுது?"
குறைஞ்ச மாதிரி இருக்கு. உறுதியாச் சொல்ல முடியாது.
"அது எனக்கே தெரியுமே."
குழாயை எட்டிப் பார்த்தாள்.
"உள்ள என்னமோ விழுதுங்கறியே, எவ்வளவு ஆழம் விழும்?"
ஒரு முழம்.
"ஒரு முழமா!"
சிரிப்பு அடங்க நேரமானது.
"நான் ஆயிரத்து இருநூத்தி நாப்பது அடி எறங்கிப் பாத்துட்டேன், போ.
மூணு குழி. மூணாவதுலதான் ஈரமே."

வேன் கிளம்புமுன் பதிவேட்டை நிரப்பினேன்.
இடம், உயரம், வெப்பநிலை.
இரண்டு பத்து முதல் ஆறு வரை அளவீடு இல்லை.
காரணம் என்ற கட்டத்தில்
தண்ணீர்
என்று எழுதி, கையெழுத்துப் போட்டேன்.