எட்டாம் எண்ணில் புகை

உப்பிட்டவரை உள்ளளவும் நினைப்பதில்
என் பிக்கப்பை மிஞ்ச ஆளில்லை.
மேல் மிச்சிகனில் முப்பத்தாறு பனிக்காலம்
கவுண்டிக்காரர்கள் சாலைக்கு இட்ட உப்பை
ஒரு கல்கூட மறக்காமல்
அடிவயிற்றில் வைத்திருக்கிறது.

பின் ஸ்பிரிங்கின் கண்ணுக்குள் ஒரு புஷ்.
வெளியே இரும்புச் சட்டை,
உள்ளே இரும்புக் குழல்,
நடுவில் ரப்பர்.
இரண்டு இரும்பும் பேசிக்கொள்ளாமல்
பார்த்துக்கொள்வதுதான் ரப்பரின் வேலை.
அது எப்போதோ செத்துவிட்டது.
இப்போது ஒவ்வொரு குழியிலும்
நேருக்கு நேர் ஏசிக்கொள்கின்றன.
"லோர்னா, நீ வருவது
பாதிரியார் பிரசங்கத்தைத் தாண்டிக் கேட்கிறது"
என்றாள் தபாலக ஹெல்வி.

போல்ட்டுகளை அறுத்துத்தான் ஸ்பிரிங்கையே இறக்கினேன்.
மூன்று ராத்திரி துருநீக்கி எண்ணெய் புகட்டினேன்.
குடித்தது. அசையவில்லை.
சம்மட்டி போட்டேன்.
கொட்டகைச் சுவரில் மாட்டியிருந்த
ஸ்பானர்கள் எல்லாம் ஆடின,
அதைத் தவிர.
பிரெஸ் இருப்பது ரெய்னோவிடம்.
ரெய்னோவுக்கு நான் ஐம்பது டாலர் தரவேண்டும்,
போன வேட்டைக் காலத்திலிருந்து.
அந்தப் பக்கம் போக முடியாது.

ஆகவே நெருப்பு.

வெளியே பனியில்,
சிமெண்டுக் கல்மேல் கிடத்தி
டார்ச்சைக் காட்டினேன்.
வெகுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு ரப்பர் வியர்த்தது, கொப்பளித்தது,
வேண்டாத மருந்தைக் குழந்தை துப்புவதுபோல்
உதட்டோரம் வழியவிட்டுக்கொண்டே
குழலை வெளியே தள்ளியது.
அதன் பின்னால் வந்தது புகை.

அப்படியொரு கறுப்பு.
காற்றில்லாத நாள் வேறு.
நேராக எழுந்து
பிர்ச் மரங்களைத் தாண்டி
ஏரிக்கு மேலே நின்றது,
என்னை ஊருக்குக் காட்டிக்கொடுத்தபடி.

அப்போது இடுப்பில் பேஜர் அலறியது.
பதினோரு வருடமாக நான்
ஊர்த் தீயணைப்புக் குழுவில் ஒருத்தி.
"கட்டடத் தீ. கரும்புகை.
பைக் ஏரிச் சாலை, எட்டு."
சொந்த வீட்டு எண்ணை
இன்னொரு வாயிலிருந்து கேட்டதில் பதறி
ஓடிப்போய் ஏற
என் வண்டியைத் தேடினேன்.
அது பின்சக்கரங்கள் இல்லாமல்
முட்டுமேல் நின்றது.
வீட்டைப் பார்த்தேன்.
வீடு சும்மா இருந்தது,
அடுப்புக்கூட எரியாமல்.

"நான்தான். ரப்பர்தான். வராதீர்கள்"
என்று ரேடியோவில் சொல்வதற்குள்
வந்துவிட்டார்கள்.
ஐந்து பேர், முழு அங்கியில்.
சைரன் கடைசி வளைவில்
தானே வெட்கப்பட்டு நின்றது.
முதலில் இறங்கியது ரெய்னோ.

தலைக்கவசத்தைக் கழற்றவில்லை.
ஐம்பது டாலரைப் பற்றிப் பேசவில்லை.
குனிந்து ஸ்பிரிங்கின் கண்ணுக்குள் பார்த்தார்,
கண் மருத்துவர் மாதிரி.
"சட்டை இன்னும் உள்ளேதான் இருக்கிறது" என்றார்.

ஹாக்ஸா கேட்டார்.
பிளேடைக் கழற்றிக் கண்ணுக்குள் நுழைத்து
மறுபடி சட்டத்தில் பூட்டினார்.
ஆளுக்கு ஐம்பது இழுப்பு என்று
(அந்த எண்ணை வேண்டுமென்றே சொன்னாரோ)
தீயணைப்பு அங்கியோடு அறுத்தார்கள்.
சின்னப் பையன் வெண்டல் வேகம் பிடித்தபோது
கையைப் பிடித்து நிறுத்தினார்:
"சட்டையை அறு. தோலை அறுக்காதே."
ஸ்பிரிங்கில் ஒரு கீறல் விழுந்தால்
அது என்றோ ஒருநாள்
மரப்பாரத்தோடு ஒடியும்.

இரண்டு வெட்டு. நடுவில் உளி.
நாலாவது அடியில் இரும்பு உள்பக்கமாகச் சுருண்டு
சத்தமே இல்லாமல் பனியில் விழுந்தது.
மூன்று ராத்திரி நான் கெட்ட வார்த்தை சொன்னது
இத்தனூண்டுக்கா?
பிஸ்கட் டப்பா மூடியைவிட மெல்லிசு.

"இன்னும் எத்தனை?"
"ஐந்து."
ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
குழாயைச் சுருட்டும் வேலைகூட இல்லாமல்
வண்டி திரும்பிப் போனது.
போகும்போது ரெய்னோ ஜன்னலை இறக்கி,
"அடுத்ததைக் கொளுத்தும் முன்
எங்களுக்குச் சொல்லிவிட்டுக் கொளுத்து.
இல்லை, பிரெஸ் சும்மாதான் கிடக்கிறது" என்றார்.

அறிக்கை எழுதுவது இந்த மாதம் என் முறை.
தீயின் காரணம் என்ற கட்டத்தில்
உப்பு என்று எழுதினேன்.
சேதம்: இல்லை.
அதை அடித்துவிட்டு
ஐம்பது டாலர் என்று எழுதினேன்.
பிறகு அதையும் அடித்தேன்.