இடம் போதாது

லாங்இயர்பியன், ஜனவரி.
மதியம் ஒன்றரை மணிக்குக் கும்மிருட்டு.
'சேமிக்க இடம் போதாது' என்கிறது கைப்பேசி.
வெளியோடு பேசிச் சம்பளம் வாங்குகிறவள் நான்.
என்னிடம் போய்.

எதிரே மீன் சூப்பை ஊதிக்கொண்டு சுதாரத்.
பகலில் விடுதி அறைகளுக்கு விரிப்பு மாற்றுகிறாள்,
இரவில் செயற்கைக்கோள்களை ஒட்டுக் கேட்கிறாள்.
கண்ணாடி கீறிய பழைய கைப்பேசியை நீட்டி,
"எதை வைக்க, எதை எடுக்க?
உன் தொழில்தானே, சொல்லு தூர்டிஸ்" என்றாள்.

முதலில் விண்மீன் வரைபடம்.
கோடையில் இங்கே நாலு மாதம் வானம் வெறும் பால்,
ஒரு புள்ளி தெரியாது.
நீக்கு என்பதற்குள்
அவள் கைப்பேசியைத் தரையை நோக்கிக் கவிழ்த்தாள்.
மேசைக்கடியில், அவள் காலணிக்கும் கீழே,
தெற்குச் சிலுவை.
சரி, இருக்கட்டும்.

விண்வெளி நிலையம் எப்போது தெரியும் என்று சொல்லும் செயலி:
எங்கள் அட்சரேகைக்கு அது ஏறி வருவதே இல்லை.
'இன்று தரிசனம் இல்லை'
என்று மூன்று வருடமாக, தினமும், மரியாதையாக.
ஏன் வைத்திருந்தேனோ.
நீக்கினேன்.

ஏவுதல் நேரம் சொல்வது:
விடிகாலை மூன்றுக்கு எழுப்பியது ஒருநாள்,
ஏவ வேண்டியவர்களே தள்ளிவைத்துவிட்டுத்
தூங்கப் போயிருந்தார்கள்.

நிலவின் பிறை காட்டுவது
என் தொடர்பு எண்களைக் கேட்கிறது.
அமாவாசை பார்க்க
என் தம்பியின் எண் எதற்கு?

டெசிபல் கணக்கி. அழகில்லை, விளம்பரமும் இல்லை,
ஆறு வருடமாகப் புதுப்பிக்கவும் இல்லை.
எந்த ஊரிலோ ஒற்றை ஆள் செய்தது.
நன்றி எழுதினேன் ஒருமுறை, பதில் வரவில்லை.
அதைத் தொடாதே.

சூரியப் புயல் எச்சரிக்கையையும் தொடாதே.
ஆறு என்று காட்டினால்
சுற்றுலா வழிகாட்டிக்குப் பச்சை வானம்,
எனக்கு ராத்திரி வேலை.
எண் ஒன்றுதான்.

கடப்பு நேரம் சொல்வது கட்டாயம் வேண்டும்.
துருவம் சுற்றும் எல்லாவற்றுக்கும்
முச்சந்தி வீடு எங்களுடையது.

"செவ்வாயில் இன்றைய வானிலை... இது எதற்கு?"
வேலைக்கு ஆகாதுதான்.
மைனஸ் இருபத்தேழில் வண்டியைக் கிளப்பும்போது
எங்கோ இன்னும் மோசம் என்று தெரிந்தால்
கை கொஞ்சம் வேகமாக நகர்கிறது.
அவள் ஒன்றும் சொல்லவில்லை, சூப்பைக் குடித்தாள்.

மறுநாள் இரவு ஏழு நாற்பத்திரண்டு.
ஹெக்ரே என்ற கிழச் செயற்கைக்கோளின் கடைசிக் கடப்பு.
மறைந்ததும் அணைத்துவிடச் சொல்லி உத்தரவு.
மலைமேல் வெள்ளைக் கூண்டுக்குள் என் பதினோரு மீட்டர்த் தட்டு.
மலையடியில் செப்புக் குழாய் வளைத்த ஆண்டெனாவும்
கரடிக்குப் பயந்த துப்பாக்கியுமாகச் சுதாரத்.

தட்டு பிசகாமல் திரும்பியது.
திரையில் எண்கள் ஓடின, மெலிந்தன,
பிறகு எண்கள் இல்லை.
படிவத்தில் நேரம் குறித்துக் கையெழுத்திட்டேன்.

உணவகத்தில் மறுபடி அவள், உதடு வெடித்து.
ஆறாம் நிமிடம் கைப்பேசி செத்ததாம்,
நாற்பத்தொரு சதவீதம் இருக்கும்போதே, குளிரில்.
"பதிவெல்லாம் போச்சு.
அப்புறம் காதாலேயே பின்னால் போனேன்.
சத்தம் எந்தப் பக்கம் தேய்கிறதோ
அந்தப் பக்கம் கையைத் திருப்பினேன்."

எப்படி இருந்தது அது, என்றேன்.
பத்து வருடம் அந்தக் கோளின் எண்களைப் படித்தவள்
குரலைக் கேட்டதில்லை.

கரண்டியை வைத்துவிட்டு
நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி அவள் செய்து காட்டினாள்:
ஈரமாக, சீராக,
கடைசியில் சற்றே தாழ்ந்து.
பக்கத்து மேசைச் சுரங்கக்காரர் திரும்பிப் பார்த்தார்.

பதிவுச் செயலியைத் திறந்தேன்.
இடம் போதாது.

செவ்வாயை நீக்கினேன்.
"இன்னொரு தடவை" என்றேன்.