டிசம்பரில் இருபது நிமிடம்

டனீடனில் சூரியன் வடக்கு வழியாகப் போகும்.
தெற்கு பார்த்த முகப்புக்கு
வருடம் முழுக்கத் தன் நிழலே சோறு.
டிசம்பரில் மட்டும் விடிந்ததும் கொஞ்சம்,
இரவு ஒன்பதை ஒட்டிக் கொஞ்சம்,
வெயில் பக்கவாட்டில் வந்து
பலகைச் சுவரைத் தடவிவிட்டுப் போகும்.
அந்த இருபது நிமிடத்துக்குத்தான் எனக்குக் கூலி.

நெரிஸ் கட்டருக்கு இது தெரியாது.
பெர்த்தில் ஒரு மருத்துவமனை அவளை அழைத்துவிட்டது.
முகவர் டாரில் நடுப்பகலில்
காரைவிட்டு இறங்காமல் எடுத்த படம்
ஏழு வாரமாக விளம்பரத்தில் காய்கிறது.
வானம் வெறும் காகிதம்,
வீடு கரிக்கட்டை,
முன்னால் மூன்று குப்பைத்தொட்டிகள்
கல்யாண வீட்டார் மாதிரி வரிசையாக.

தொட்டிகளைப் பின்பக்கம் உருட்டினேன்.
தண்ணீர்க் குழாயைச் சுருட்டி ஹைட்ரேஞ்சியாவுக்குள் திணித்தேன்.
எல்லா அறையிலும் விளக்கைப் போடு,
காரை அடுத்த தெருவில் விடு என்றேன்.
"பூனை?"
பூனை இருக்கட்டும்.

இது நெட்டுக்குத்தான தெரு.
முக்காலிக்கு ஒரு கால் நீளம், ஒரு கால் மடக்கம்.
வீட்டை நிமிர்த்தினால் சாலை சரிகிறது,
சாலையை மட்டமாக்கினால்
வீடு குடித்துவிட்டு நிற்கிறது.
விற்பது வீட்டைத்தானே.
சாலை சரிந்துகொள்ளட்டும்.

படகுதான் பாக்கி.

பக்கத்து வீட்டு லாக்லன் மெக்காஸ்கிலின் படகு.
காற்றுப் போன சக்கரங்களில்,
நீலத் தார்ப்பாய் போர்த்தி,
பாதி அவர் வாசலில், பாதி இவள் வாசலில்
எட்டு வருடமாக நங்கூரமிட்டது.
நகர்த்தச் சொல்லி நெரிஸ் ஒருமுறை கேட்டாளாம்.
"பார்க்கலாம்" என்றாராம்.
அதற்கப்புறம் இருவரும்
வேலிக்கு மேலே வானத்தைத்தான் பார்த்துக்கொண்டார்கள்.

நான் கதவைத் தட்டினேன்.
முள்கரண்டியோடு வந்தார், நுனியில் பாதி உருளைக்கிழங்கு.
சொன்னதை எல்லாம் மென்றுகொண்டே கேட்டார்.
"அதற்கும் ஒரு படம் எடுப்பாயா?
அதையும் விற்கத்தான் வேண்டும்."

சக்கரத்துக்குக் காற்றடித்து, கல் முட்டுக் கொடுத்து,
நான், அவர், நெரிஸ்,
ஒரு முழமும் இன்னொரு முழமுமாகத் தள்ளினோம்.
"இடது, இடது" என்று அவர் கத்த,
"எனக்கா படகுக்கா?" என்று இவள் கத்த,
எட்டு வருடத்தில் அதுதான் முதல் பேச்சு.
நிமிர்ந்து பார்த்தால்
வெயில் சன்னல்களைத் தாண்டிக்
கூரை விளிம்பில் ஏறிக்கொண்டிருந்தது.
வீட்டுக்கான நேரம் முடிந்தது.

மிச்ச வெளிச்சம் படகின் மூக்கில் விழுந்தது.
முழங்கால் போட்டேன்.
கொஞ்சம் தாழ்வாக, கொஞ்சம் மூலையிலிருந்து,
பின்னணியில் துறைமுகம் ஒரு கோடாக.
வீடுகளுக்குச் செய்வதையே செய்தேன்.
ஷர்லி என்று பக்கத்தில் எழுதியிருந்தது
தார்ப்பாயை எடுத்த பிறகுதான் தெரிந்தது.

மறுநாளிலிருந்து நான்கு நாள் மழை.
அதற்குள் ஷர்லி விற்றுப்போனாள்,
கேட்ட விலைக்கு, மழையிலேயே வந்து இழுத்துப்போனார்கள்.

ஐந்தாம் நாள் மாலை மறுபடி போனேன்.
வெயில் வந்தது, பூனை வந்தது,
பலகைகள் ஒவ்வொன்றும் தன் விளிம்பைக் காட்டின.
புல்லில் மட்டும்
படகின் உருவத்தில் ஒரு மஞ்சள்.
மூக்கும் வயிறும் துல்லியம்.

"பச்சை பூசிவிடு, இரண்டு நிமிட வேலை" என்றார் டாரில்.
நான் ஒன்றும் யோக்கியன் இல்லை.
எத்தனையோ வானங்களை மாற்றியிருக்கிறேன்,
ஒரு ஜூலையில் ஓக் மரத்துக்கு இலை போட்டிருக்கிறேன்.
இதில் கை ஓடவில்லை.
அப்படியே அனுப்பிவிட்டேன்.

டாரில் படத்துக்குக் கீழே ஒரு வரி சேர்த்தார்:
படகு நிறுத்த இடம் உண்டு.

அன்றிரவே லாக்லனிடமிருந்து அழைப்பு.
அதில் பாதி இடம் தன்னுடையது என்றார்.